புளி போட்டுத் துலக்கிய காந்தம்

இரும்பு உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் உடைத்திருக்கிறேன். சம்மட்டி வேண்டியதில்லை, கடப்பாரை வேண்டியதில்லை. அரை எலுமிச்சை அளவு புளியும் ஒரு பிடி உப்பும் இருந்தால் போதும்.

இதை என் வாயால் ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகிவிட்டது. என் மகள் சாந்தி இந்தக் கதையைப் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லுவாள். "அப்படியெல்லாம் இல்ல" என்று நான் எழுந்து போய்விடுவேன். இப்போது அவள் சொல்லும் கதையில் நான் ஆய்வுக்கூடத்தையே எரித்துவிட்டதாக வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தப்பு என்னுடையது. என் தப்பை அடுத்தவர்கள் தப்பாகச் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் சுங்கை வேயில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்த்தேன் (எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்). ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைதான் என் படிப்பு. ஆனால் துலக்குவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நான் தேய்த்த குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். பொட்டு கோணலாக வந்தால் அது உங்கள் நெற்றியின் குற்றம்.

மூன்று வருடமாக நான் தற்காலிக ஆள். வருடம் பிறந்தால் இருப்பேனா போவேனா என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தின் தலைவி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர் பெயர் டாக்டர் யோகம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். "ஜப்பான்ல இருந்து ரெண்டு பேர் வராங்க அக்கா. அவங்க வந்துட்டுப் போகட்டும், அடுத்த வேலை உங்க கடிதம்தான்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஜப்பான்காரர்கள் பார்க்க வருவது ஒரு துண்டுக் காந்தத்தை. மேரி பிஸ்கட்டில் பாதி அளவு, கறுப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும். அதைச் செய்ய மிஸ்ஸுக்கு நாலு மாதம் பிடித்தது. பொடியாக்குவார், அழுத்துவார், உலையில் வைப்பார், எடுப்பார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி பொடியாக்குவார். ஒரு நாள் கேட்டேன்.

"என்னா மிஸ், மூணு சாமான உருக்கி ஒரு கட்டியாக்குறீங்க, அவ்வளவுதானே? பித்தளை மாதிரி?"

"பித்தளை மாதிரி இல்லக்கா. பித்தளையில செம்பும் துத்தநாகமும் எங்க வேணும்னாலும் நிக்கும், பாசார் மலாம் ராத்திரிச் சந்தைக் கூட்டம் மாதிரி. இது ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி. எந்த வீட்டுல யாருன்னு எழுதி வச்சிருக்கு. இரும்புக்குப் பதினாலு வீடு, நியோடிமியம்னு ஒண்ணு, அதுக்கு ரெண்டு வீடு, போரானுக்கு ஒரே ஒரு வீடு. யாரும் மாறிக் குடி போக முடியாது."

"அந்த ஒத்தை வீட்டுக்காரன் வராட்டி?"

"குவார்ட்டர்ஸே நிக்காது லா அக்கா."

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். (நியோடிமியம் என்ற பெயர் வாயில் நுழையத்தான் நாலு மாதமானது. இன்றைக்கும் பல் செட்டைக் கழற்றிவிட்டால் சொல்ல வராது.)

இது எதற்கு உதவும் என்றும் கேட்டேன். மிஸ்ஸின் முகம் கோயில் விளக்கு மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் தட்டு, காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவி, கட்டை விரல் அளவு மோட்டார். செங்கல் அளவு காந்தம் செய்யும் வேலையை இந்தப் பிஸ்கட் துண்டு செய்யுமாம். "ஒரு நாள் பெட்ரோல் இல்லாம காரே ஓடும் பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன். நானும் ஒரு பயன் கண்டுபிடித்து வைத்திருந்தேன். குப்பையில் போட்ட ஒரு பொடித் துண்டை விளக்குமாற்றுக் காம்பில் கட்டிவிட்டால், மேசைக்கடியில் சிந்திய குண்டூசியெல்லாம் குனியாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருமை வேண்டாம் என்றுதான்.

அந்த நாள் வந்தது. காலை பதினொரு மணிக்கு மிஸ் சுபாங் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். விருந்தாளிகளை ஹோட்டலில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு வந்து கூடத்தை ஒரு முறை பார்ப்பேன் என்றார். அவர்கள் வருவது மறுநாள் காலை பத்துக்கு.

"அக்கா, எல்லாம் பளபளன்னு இருக்கணும், சரியா?"

இதை என்னிடம் சொல்லலாமா? தீயிடம் போய் 'கொஞ்சம் சூடாக இரு' என்று சொல்லுகிற மாதிரி அல்லவா அது!

தரையைத் துடைத்தேன். சன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். கதவுப் பித்தளைக் கைப்பிடிகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பொன்னாக மின்னின. கையில் புளி மிச்சம். மணி பன்னிரண்டு. என் கை சும்மா இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சுற்றிப் பார்த்தேன். எல்லாம் மின்னுகிறது, ஒன்றே ஒன்றைத் தவிர. நடு மேசையில், கண்ணாடித் தட்டில், மூடி போட்டு, கரி அப்பிய பணியாரம் மாதிரி அந்தத் துண்டு.

ஜப்பானிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் இந்த அழுக்கையா பார்க்க வேண்டும்? நம் மிஸ்ஸுக்கு எவ்வளவு அவமானம்?

(இந்த இடத்தில் சாந்தி எப்போதும் நிறுத்தி, கேட்பவர்கள் தலையில் கை வைக்கும் வரை காத்திருப்பாள்.)

தேங்காய் நாரால் தேய்த்தேன். கறுப்பு லேசில் போகவில்லை. புளியை வைத்து அழுத்தி, உப்புப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி ஒரு சாம்பல் மினுக்கு எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த பூரிப்பு இருக்கிறதே! கழுவி, முந்தானையில் ஒற்றி, தட்டுக்கு எடுத்துப் போனேன். வழியில் இரும்பு அலமாரி ஒன்று நின்றது. மூன்று வருடமாக அங்கேதான் நிற்கிறது. அதற்கு இத்தனை ஆசை இருக்குமென்று நான் கண்டேனா? என் கையிலிருந்த துண்டு பூனை பாய்வது போலப் பாய்ந்தது. டக் என்று ஒரு சத்தம்.

அலமாரிக் கதவில் மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பீங்கான் மாதிரி உடைந்திருந்தது. இரும்பு வளையும், நசுங்கும், துருப்பிடிக்கும். இப்படி உடையுமா? நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேய்த்த இடத்தில் செம்பழுப்பாகப் பூக்கத் தொடங்கியது. என் கடிதம் கண் முன்னாலேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்தேன். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது. முதலில் மிஸ்ஸின் மேசையிலிருந்த பசையை எடுத்தேன். இரண்டு துண்டைச் சேர்த்து வைத்தால் ஒட்டாதா? ஒட்டவில்லை. சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகளைப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்த மாதிரி, சேர்த்து வைத்தால் விலகின. பிடித்து அழுத்தினால் ஒன்று குப்புறப் புரண்டு இன்னொன்றின் முதுகில் ஏறிக்கொண்டது. நடுவில் என் சுண்டுவிரல். பசையில் ஒட்டியது என் இரண்டு விரலும்தான்.

அப்போதுதான் ஆறுமுகம் பத்தர் நினைவுக்கு வந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் சின்ன நகைப்பட்டறை வைத்திருந்தார். சாந்தியின் கம்மல் அவர் செய்தது. என் தாலிக்கொடி அறுந்தபோது எங்கே பற்றவைத்தார் என்று எனக்கே தெரியாதபடி சேர்த்துக் கொடுத்தவர். தங்கத்தைச் சேர்க்கிறவருக்கு இந்தக் கறுப்புத் துண்டு எம்மாத்திரம்? மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மினி பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. கம்பி ஓரமாக நின்றேன். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் இறங்கப் போனால் பை வரவில்லை. துணிப் பைக்கு உள்ளிருந்தபடியே துண்டுகள் பஸ் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. இழுத்தேன். வாரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி இழுத்தேன்.

"யக்கா, எறங்குறியா, பஸ்ஸ வாங்கிட்டுப் போறியா?" என்றான் கண்டக்டர்.

"வருது தம்பி, வருது."

"என்னா வருது?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "சாமி வருது போல. யாராச்சும் துன்னூறு குடுங்க" என்றார். இரண்டு பேர் உண்மையிலேயே எழுந்து வழிவிட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து ஒரு இழுப்பு இழுத்தான். பை வந்தது. வரும்போது அவன் டிக்கெட் கட்டின் இரும்புக் கிளிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. டிக்கெட்டெல்லாம் பறந்தன. நான் நிற்கவில்லை.

பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துண்டுகளைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி இது?"

"கேக்காதீங்கண்ணே. ஒண்ணா உருக்கிச் சேத்துக் குடுங்க. நாலு மணிக்குள்ள நான் திரும்பணும்."

"என்னா உலோகம்னு தெரியாம எப்படி மா? நாப்பது வருசமா உலோகத்தோட பேசறவன் நான்" என்று ஒரு துண்டை உரைகல்லில் தேய்த்தார். அது ஒன்றும் பேசவில்லை. அரத்தால் ராவினார். அரத்திலிருந்து தீபாவளிக் கம்பி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. பத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஆத்தாடி!" துண்டை அவசரமாக மேசையில் போட்டார். அது மேசையில் இருக்குமா? இடுக்கி, குத்தூசி, சின்னச் சுத்தியல், அவர் பல் குத்தும் ஊசி எல்லாம் ஓடிவந்து அதைச் சுற்றிக்கொண்டன. பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கவே அரை மணி நேரம் போனது. அவர் கைக்கடிகாரம் இரண்டரையில் நின்றுவிட்டது. அதைப் பார்த்து இரண்டு பேரும் இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பினோம்.

ஆனால் பத்தர் ரோசக்காரர். "நெருப்புக்கு அடங்காத ஒலோகம் ஒலகத்துலயே இல்ல" என்று ஒரு துண்டைத் தனியே எடுத்து, வெங்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதினார். அது சிவந்தது. உருகவில்லை. இன்னும் ஊதினார். மேலெல்லாம் பொருக்குத் தட்டியது, ஓரம் பொடிந்தது. ஆறவைத்து இடுக்கியில் தொட்டார். இடுக்கி ஒட்டவில்லை. குத்தூசியை வைத்தார். விழுந்தது.

"செத்துப் போச்சு தங்கச்சி" என்றார் மெதுவாக, ஆஸ்பத்திரியில் சொல்லுகிற மாதிரி. "இது ஒலோகமே இல்ல. ஒலோகம் வேசம் போட்ட கல்லு. மத்த ரெண்டையும் நான் தொட மாட்டேன், எடுத்துக்கிட்டு ஓடிரு."

ஓடினேன். கோயில் முனையில் கடிகாரக் கடையைத் தாண்டும்போதுதான் தெரிந்தது, மணி நாலே கால். பஸ்ஸில் கம்பியைப் பார்த்தாலே பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அதனால் என் சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கு பையோடு ஒட்டிக்கொண்டது, நான் வளைந்த கழுத்தோடு கூடம் வரை நடந்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம். இரண்டு உயிருள்ள துண்டையும் ஒரு பிணத்தையும் தட்டில் பரப்பி மூடினேன். மூடிய கை இன்னும் மூடியிலேயே இருக்கிறது, கதவு திறந்தது. மிஸ் வந்தார். தனியாக இல்லை. விருந்தாளிகளுக்கு ஹோட்டலில் இருப்புக் கொள்ளவில்லையாம், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று கூடவே வந்துவிட்டார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் நடுவயது. மூன்று பேர் முகத்திலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

மிஸ் மூடியைத் திறந்தார்.

மூன்று சிரிப்பும் ஒரே நேரத்தில் அணைந்தது.

"அக்கா" என்றார். "என்ன இது?"

நான் வாழ்க்கையில் பொய் சொல்லாதவள் என்று பேர் எடுத்தவள். ஆனால் அந்த நேரத்தில் நாக்கில் முதலில் வந்து நின்றது அதுதான்.

"எலி, மிஸ்."

மிஸ் ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்திலிருந்து நகத்தால் ஒரு நாரை உருவினார். முகர்ந்து பார்த்தார்.

"எலி புளி போட்டா தேய்ச்சுது?"

அதற்கு மேல் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். புளி, அலமாரி, பங்காளிச் சண்டை, பஸ், பத்தர், மத்தாப்பு, நெருப்பு. அழவில்லை, நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். கொடுமை என்னவென்றால், விருந்தாளிகள் விடாமல் "என்ன சொல்கிறார்?" என்று கேட்க, மிஸ் ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. மிஸ்ஸின் குரல் போகப் போகத் தேய்ந்தது. வயதானவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அடப்பாவி, போலீஸ் மாதிரி எழுதுகிறாரே!

"அக்கா, புளி எவ்வளவு நேரம்னு கேக்குறார்."

"கால் மணி நேரம், மிஸ்."

"துரு எப்ப வந்துச்சாம்?"

"நான் உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள."

"பத்தர் எத்தனை நிமிசம் சூடு காட்டினார்?"

"அவர் கடிகாரம் நின்னுருச்சு மிஸ்."

அதை மொழிபெயர்த்ததும் நடுவயதுக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. வெங்காரம் தூவியதைச் சொன்னபோது மிஸ்ஸே தலையில் கை வைத்தார். "ஐயோ அக்கா, வெங்காரத்துலயும் போரான்தான் இருக்கு. ஒத்தை வீட்டுக்கு நீங்க ஒரு லோரி ஆள் அனுப்பியிருக்கீங்க!" அப்புறம் தட்டைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "அந்தக் கறுப்பு அழுக்கு இல்லக்கா. துரு பிடிக்கக் கூடாதுன்னு நான் பூசினது. யாரும் எடம் மாற முடியாத குவார்ட்டர்ஸ் இல்லையா? அதனாலதான் வளையாம உடையுது."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வயதானவர் உயிருள்ள துண்டொன்றை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். நின்று, இடுப்பு வரை வளைந்து வணக்கம் வைத்தார். எனக்கு முறை தெரியாது. நானும் வளைந்தேன். அவர் கை என் தலைக்குப் பக்கத்தில் வந்தது. என் கொண்டை ஊசி இரண்டும் பறந்து அவர் கைக்குப் போய்விட்டன. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழ, விரித்த தலையோடு நான் நிமிர்ந்தேன். பஸ்ஸில் அந்த அம்மா கேட்ட துன்னூறு அப்போதுதான் தேவைப்பட்டது.

மூன்று பேரும் சிரித்தார்கள். மிஸ் கடைசியில்தான் சிரித்தார், அதுவும் கண் கலங்கி. சிரித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, நாலு மாதம், என்று மட்டும் சொன்னார்.

மறுபடி நாலு மாதம் பிடித்தது. விருந்தாளிகள் மிஸ்ஸோடு பேச வந்த கூட்டு ஆராய்ச்சி அந்த வருடம் நடக்கவில்லை, அடுத்த வருடம்தான் நடந்தது. மிஸ் இரண்டு வாரம் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நானும் தேவைக்கு மேல் எதையும் துலக்கவில்லை. எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கழுவு தொட்டிக்கு மேல் ஒரு புளியம்பழம் வரைந்து, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு ஒட்டியிருந்தார்கள். புதிதாக வரும் மாணவர்கள் அது என்ன ரசாயனம் என்று கேட்பார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

புதுத் துண்டு உலையிலிருந்து நல்லபடியாக வந்த அன்று மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாந்தியிடம் கொடுத்தேன். அவள் அப்போது ஐந்தாம் படிவம், பதினேழு வயது. இங்கிலீஷை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"நேரம் தவறாதவர்னு போட்டிருக்காங்கம்மா. நேர்மையானவர், எலி விசயம் தவிரன்னு போட்டிருக்காங்க."

"பொய் சொல்லாத டி!"

"சரி, எலி நான் சேர்த்தது. ஆனா இது நெஜம். 'இவர் எதையும் சுத்தம் செய்வார்.' 'எதையும்' கீழ கோடு போட்டிருக்காங்கம்மா. ரெண்டு கோடு."

அந்தக் கடிதத்தால்தான் வேலை நிரந்தரமானது. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். செத்துப்போன துண்டை மிஸ் எனக்கே கொடுத்துவிட்டார். சாமி மேடை ஓரத்தில் இருக்கிறது, ஒன்றிலும் ஒட்டாமல்.

இப்போதும் தீபாவளிக்கு முன்னால் நான் புளியை ஊறவைத்தால், கூடத்திலிருந்து மருமகன், அடுப்படியிலிருந்து சாந்தி, மாடியிலிருந்து பேரப்பிள்ளைகள், எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள்:

"ரெண்டு கோடு!"

நான் காதில் வாங்குவதில்லை. விளக்கை எடுத்து, அவர்கள் பார்க்காத நேரத்தில் பிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை ஒரு முறை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் தேய்ப்பேன்.